பீப்பாயிடம் பேசுகிறவர்கள்

அக்கா, உங்களுக்காக ஒரு சிரிப்பு வைத்திருக்கிறேன். சும்மா உதட்டோரச் சிரிப்பு இல்லை. முன்சீட்டுக் கம்பியில் நெற்றியை முட்டிக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு. இன்றைக்குக் காலையில் எங்கப்பா ஒரு பீப்பாய்க்குப் போன் பண்ணினார். அதில் என்ன பேசினார் என்பதுதான் அது.

ஆமாம், பீப்பாய்தான். மரப் பீப்பாய். ஸ்காட்லாந்தில் இருக்கிறது.

இப்போதே சொன்னால் பாதிதான் சிரிப்பீர்கள். முதலில் ஆட்களைத் தெரிந்துகொள்ளணும், அப்புறம் அந்தப் பீப்பாயை, அப்புறம் என்னை. அதற்குப் பிறகு போட்டேன் என்றால் திருச்சி தாண்டியும் நிறுத்தமாட்டீர்கள். இந்த பஸ் ஏன் நிற்கிறது? குளித்தலையா? இறங்குகிறவர் இறங்கினால் சரி, இவர் என்ன படியில் நின்று கதை பேசுகிறார்? ஒரு நிமிஷம், போனைப் பார்த்துக்கொள்கிறேன். ம்ஹும். யாரும் கூப்பிடவில்லை. நல்லதுதான். நல்லதுதானே?

என்னைப் பற்றிச் சொல்கிறேன். எனக்குக் குரல் வரும். பாட்டு இல்லை, குரல். யார் பேசினாலும் ஒரு தடவை காதில் விழுந்தால் போதும், அப்படியே உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். நம் கண்டக்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். "ச்சில்லறை இல்லாதவங்க கீழ எறங்கிக்கங்க, ச்சில்லறை!" பார்த்தீர்களா, திரும்பிப் பார்க்கிறார். குனிந்துகொள்ளுங்கள், குனிந்துகொள்ளுங்கள்.

இப்போது உங்களிடம் பேசுகிறேனே, இதுகூட என்னுடையது இல்லை. எங்கள் காலேஜ் தமிழ் மேடம் பேசுகிற பேச்சு. வெளியூர்க்காரர்களிடம் இதைத்தான் எடுப்பேன், மரியாதை கிடைக்கும். வீட்டில் எது வேண்டுமானாலும் வரும். காலையில் காபி கேட்பது ஒரு மாமா குரலில், பஸ்ஸுக்குக் காசு கேட்பது இன்னொரு மாமா குரலில். அம்மா திட்டுவாள். "ஏன்டி கனிஷ்கா, உன்ற வாயில குடியிருக்கற ஆளுங்களுக்கெல்லாம் நான் சோறாக்கணுமா?" அப்பா காசை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். இந்த வித்தை எனக்கு எங்கிருந்து வந்தது என்று யாருக்குமே தெரியவில்லை. எங்கள் வீட்டில் ஒருத்தருக்கும் கிடையாது.

ஒரே ஒரு குறை. எனக்குச் சத்தம்தான் முதலில் உள்ளே போகும். அர்த்தம் பின்னால் நிதானமாக நடந்து வரும். மேடம் நடத்திய பாடத்தை அவர் இருமலோடு முழுசாகத் திருப்பிச் சொல்லுவேன். அதில் கேள்வி கேட்டால் முழிப்பேன்.

சரி, ஆட்கள். நாலே பேர்தான்.

எங்கப்பா நாச்சிமுத்து. கரூரில் பாதி ஊர் பெட்ஷீட் நெய்கிறது, மீதி ஊர் பஸ்ஸுக்கு பாடி கட்டுகிறது. அப்பா அந்த பஸ்களுக்கு சீட் தைக்கிற பட்டறை வைத்திருக்கிறார். பேசவே மாட்டார். "ஆச்சுங்", "பாக்கலாமுங்", "அம்மாகிட்டக் கேளு". இந்த மூன்றை வைத்தே குடித்தனத்தை ஓட்டிவிட்டார். அவரை எடுப்பதுதான் ரொம்ப சுலபம். தொண்டையைச் செருமினால் போதும். "க்ஹ்ம்." முடிந்தது, அதுதான் எங்கப்பா.

இரண்டாவது ரத்தினசபாபதி மாமா. பெட்ஷீட் எக்ஸ்போர்ட். "பாஸ், நாம பேசக் கூடாது பாஸ், க்வாலிட்டி பேசணும்!" என்பார், பேசிக்கொண்டே இருப்பார். மூன்றாவது பல் டாக்டர் ஜெயபால், நாகர்கோவில்காரர். "ஓய், மொதல்ல மணத்தப் பிடியும். நாக்கு பொறவு வரட்டும்." நான்காவது சாரங்கபாணி மாமா, தாசில்தாராக இருந்து ரிட்டயர் ஆனவர். அவர் பேசினால் முத்திரை குத்திய மாதிரி இருக்கும். "மேற்படி திரவத்தில் புகை வாசனை இருப்பதாகக் கருத இடமுண்டு."

இந்த நாலு பேருக்கும் விஸ்கி பைத்தியம். குடிகாரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள், அப்படிச் சொன்னால் அடிக்க வருவார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டு மாடியில் கூடி, விரல் நனைகிற அளவு ஊற்றிக்கொண்டு, முகர்ந்து முகர்ந்து பொழுதைக் கழிப்பார்கள். கடலை கூடாது, ஊறுகாய் கூடாது, சென்ட் போட்டு வரக் கூடாது. டாக்டர் கிளினிக்கிலிருந்து கொண்டுவந்த சொட்டுமருந்துக் குழாயால் ஆளுக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் விடுவார். நாலு பேரும் கண்ணை மூடிக்கொள்வார்கள். அம்மா படியில் நின்று பார்த்துவிட்டு வருவாள். "குடிக்கறதுக்கு இத்தனை பூசையா? சாமிக்கே நான் இத்தனை பண்றதில்ல."

ரத்தினசபாபதி மாமா பெட்ஷீட் விற்க ஜெர்மனி போனவர், அங்கிருந்து ஸ்காட்லாந்து போய்விட்டு வந்தார். வந்தவர் போனில் ஒரு போட்டோ காட்டினார். ஒரு பீப்பாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறார், பிறந்த வீட்டுக்குப் போன பொண்ணு அம்மாவைக் கட்டிக்கொள்கிற மாதிரி. "பாஸ், பாட்டில் வாங்கறவன் கஸ்டமர். பீப்பா வாங்கறவன் ஓனர்!" என்றார். அவ்வளவுதான். நாலு பேரும் பங்கு போட்டு வாங்கிவிட்டார்கள். பீப்பாய் அங்கேயே கிடங்கில் இருக்கும். அது ஊறி முடிகிற வரைக்கும் யாரும் தொட முடியாது. முகப்பில் வெள்ளைப் பெயின்டில் கரூர் என்று எழுதி ஒரு போட்டோ அனுப்பினார்கள். டாக்டர் அதைக் கிளினிக்கில் மாட்டிவிட்டார். பல் பிடுங்க வருகிறவர்கள் எல்லாம் வாயைத் திறந்துகொண்டு அதைத்தான் பார்க்கிறார்கள்.

வாங்கின பிறகுதான் வினை. வருஷா வருஷம் மரத்து வழியாகக் கொஞ்சம் ஆவியாகிப் போகுமாம். அதை அங்கே தேவதைகளின் பங்கு என்பார்களாம். சாரங்கபாணி மாமா எழுந்து நின்றுவிட்டார். "மேற்படி தேவதைகள் யார்? நம் நால்வரின் கூட்டுச் சொத்தில் அவர்களுக்கு என்ன பாத்தியதை? யாரைக் கேட்டுப் பிரித்துக் கொடுத்தீர்?" ரத்தினசபாபதி மாமா, "பாஸ், அது இயற்கை பாஸ்" என்கிறார். "இயற்கை என்றால் அதற்கு ஆட்சேபணை தெரிவிக்க வாய்ப்பு உண்டா, இல்லையா?" என்கிறார் இவர். டாக்டர் சிரித்துச் சிரித்துச் சொட்டுக்குழாயைக் கீழே போட்டு உடைத்தார்.

இல்லை, இது இல்லை அந்தச் சிரிப்பு. இது சும்மா, வழியில் கிடப்பது.

இவர்களுக்குக் காத்திருக்க வரவில்லை, அக்கா. வாங்கியாயிற்று, இனி வருஷக்கணக்கில் சும்மா இருக்கணும். ஞாயிறு தவறாமல் "பீப்பா எப்படி இருக்கு?", "பீப்பா எப்படி இருக்கு?" என்று ரத்தினசபாபதி மாமாவைப் பிடுங்கி எடுத்தார்கள். அவர் மெயில் போட்டால், நலமாக இருக்கிறது என்று அங்கேயிருந்து ஒற்றை வரி வரும். ஒற்றை வரியை வைத்துக்கொண்டு நாலு பேர் எத்தனை நேரம் பேசுவது? முகம் தொங்கிப் போய்விட்டது. எனக்கே பாவமாக இருந்தது. பாவம் பார்த்துத்தான் ஆரம்பித்தேன். சத்தியமாக.

அப்படிப் பிறந்தவள்தான் மிஸ் மோராக்.

கிடங்குக் காவல்காரி. வயசானவள். கல்யாணம் ஆகாதவள். குளிரில் நின்று நின்று குரல் தகரம் மாதிரி ஆகிவிட்டவள். வெளிநாட்டு நம்பர் விழுகிற மாதிரி போனில் ஒரு ஆப் இருக்கிறது. அதிலிருந்து போட்டேன். "ஹல்ல்லோ-ஓ! மிஸ்தர்ர்ர் ரத்ன-சப்பாத்தி?"

மாமா நாற்காலியில் இருந்து எழுந்துவிட்டார். நாற்காலி விழுகிற சத்தம் மாடியிலிருந்தும் கேட்டது, போனிலும் கேட்டது. நான் கீழே, சமையலறையை ஒட்டி இருக்கிற ஸ்டோர் ரூமில், அரிசி மூட்டை மேல் உட்கார்ந்திருந்தேன்.

மிஸ் மோராக் இங்கிலீஷில் சொன்னதை மாமா மற்றவர்களுக்குத் தமிழில் சொன்னார். உங்கள் பீப்பாய் வாடிப் போயிருக்கிறது. வலப்பக்கத்துப் பீப்பாய் ஜெர்மன்காரர்களுடையது, இடப்பக்கத்தது ஜப்பான்காரர்களுடையது. அவர்கள் வாரம் தவறாமல் அதனிடம் பேசுகிறார்கள். உங்கள் பீப்பாய் மட்டும் ஓனர் குரலே கேட்காமல் அனாதையாகக் கிடக்கிறது.

ஜப்பான்காரன் என்றதும் மாமாவுக்கு ரோஷம். "பாஸ், பெட்ஷீட்லயும் அவன்தான் போட்டி, இதுலயுமா!" நான் நினைத்தேன், யாராவது ஒருத்தராவது, இது என்ன கூத்து என்று கேட்பார்கள் என்று. டாக்டர் கேட்கவில்லை. "மரத்துல கண்ணுக்குத் தெரியாத துளை உண்டு ஓய், பல்லுல இருக்க மாதிரி. சத்தம் பட்டா அதிரும். அதிர்ந்தா ஊறும். இது சயின்ஸ்." சாரங்கபாணி மாமா மட்டும், "இதற்கு முன்னுதாரணம் உண்டா?" என்றார். "ஜப்பான்!" என்றார் ரத்தினசபாபதி மாமா. "அப்படியெனில் ஆட்சேபணை இல்லை."

அப்பா? அப்பா வழக்கம்போலத்தான். "பாக்கலாமுங்."

மிஸ் மோராக் ஒரு நம்பர் கொடுத்தாள். அதில் குரல் பதிந்து அனுப்பினால் அவள் பீப்பாய்ப் பக்கத்தில் வைத்துப் போட்டுக் காட்டுவாள். அந்த நம்பர் எங்கே இருக்கிறது? இதோ, இந்தப் போனில்.

ஐயோ அக்கா, வந்தது பாருங்கள் குரல் குரலாக! சாரங்கபாணி மாமா தினம் காலையில் பேப்பரிலிருந்து தலைப்புச் செய்தி வாசிப்பார், பீப்பாய் உலக நடப்புத் தெரியாமல் வளரக் கூடாதாம். டாக்டர் நாகர்கோவில் தாலாட்டு ஒன்றைப் பாடினார். பாடுகிறபோது பின்னால் யாரோ "அம்மா, வலிக்குது, வலிக்குது" என்று அலறுகிறார்கள். ரத்தினசபாபதி மாமா உற்சாகப் பேச்சு. "யூ ஆர் நம்பர் ஒன்! ஜெர்மன்காரனைப் பாத்து பயந்துராத! கரூர் இஸ் பிஹைண்ட் யூ!"

எங்கப்பா என்ன பேசினார் தெரியுமா? முதல் வாரம் வந்தது இவ்வளவுதான். "க்ஹ்ம். நான்தான். நல்லாருக்கியா. சரி, வெக்கறேன்."

இரண்டாவது வாரமும் அதே. மூன்றாவது வாரமும் அதே. சென்னையில் இருக்கிற அத்தைக்குப் பேசினாலும் இதே பேச்சுத்தான் பேசுவார். நான் காலேஜில் இருந்து கூப்பிட்டாலும் இதுதான்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாட்டப் பார்த்தேன். மாட்டவில்லை, பார்த்தேன். மிஸ் மோராக் மாடியில் இருக்கிறவர்களிடம் ஸ்பீக்கரில் பேசிக்கொண்டிருக்கிறாள். அம்மா கோழி வேகப்போட்டுவிட்டுக் கொத்தமல்லி வாங்கப் போயிருந்தாள். அந்த நேரம் பார்த்து குக்கர் அடித்தது பாருங்கள் விசில்! மாடிப்படியிலும் கேட்கிறது, ஸ்காட்லாந்திலும் கேட்கிறது. எனக்கு உயிர் போய்விட்டது. "ஓ! தட் ஈஸ் தி ட்ர்ரெய்ன்! தி ஹைலாண்ட் ட்ர்ரெய்ன்!" என்றேன். ரத்தினசபாபதி மாமா உடனே, "ஆமா பாஸ், நான் அந்த ட்ரெயின்ல போயிருக்கேன், அதே சவுண்டு!" என்றார். டாக்டர், "மலைல்லா, நீட்டித்தான் ஊதணும்" என்றார்.

அப்பா மட்டும் இறங்கி வந்தார். நான் மூட்டைக்குப் பின்னால் ஒடுங்கிவிட்டேன். அவர் சமையலறைக்குப் போய் அடுப்பை அணைத்தார். திரும்பி வரும்போது ஸ்டோர் ரூம் கதவு கொஞ்சம் திறந்திருந்ததைப் பார்த்தார். பார்த்து, மெதுவாகச் சாத்திவிட்டு மாடி ஏறிப் போய்விட்டார். தூசி வரும் என்று நினைத்திருப்பார். எவ்வளவு அதிர்ஷ்டம் எனக்கு! கதவு சாத்தின பிறகு விசில் சத்தமும் இல்லை, ஒன்றும் இல்லை, மிஸ் மோராக் நிம்மதியாகப் பேசி முடித்தாள்.

அதற்குப் பிறகு எங்கப்பாவுக்கும் பைத்தியம் முற்றிவிட்டது. பேச ஆரம்பித்துவிட்டார். பீப்பாயிடம்! முதலில் வந்தது இது. "க்ஹ்ம். நான்தான். அந்தக் கெடங்குல காத்தே வராதாட்ட இருக்குது. வேர்க்குதா?" ஸ்காட்லாந்தில், அக்கா, பனி கொட்டுகிற ஊரில், வேர்க்குதாவாம்! அந்த வாரமே ஸ்டோர் ரூமில் ஒரு டேபிள் ஃபேன் கொண்டுவந்து வைத்தார். அம்மா ஏன் என்று கேட்டதற்கு, அரிசியில் வண்டு விழுகிறதாம். அரிசிக்கு ஃபேன் போடுகிற ஆளை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? எனக்கென்ன, சுகமாக இருந்தது.

பிறகு பீப்பாயை 'அம்மிணி' என்று கூப்பிட ஆரம்பித்தார். எங்கள் பக்கம் பொம்பளைப் பிள்ளைகளை அப்படிக் கூப்பிடுவார்கள். பீப்பாய் எப்போது பொம்பளையானது என்று தெரியவில்லை. "சாப்டியா அம்மிணி?" "நேத்து ஏன் மூஞ்சியத் தூக்கி வெச்சிருந்தே அம்மிணி, அம்மா ஏதாச்சும் சொன்னாளா?" நான் தலையணையைக் கடித்துக்கொண்டு சிரித்திருக்கிறேன்.

ஒரு நாள் நீளமாக ஒன்று வந்தது. இதைக் கேளுங்கள். "க்ஹ்ம். அம்மிணி, உனக்கு ஒண்ணு சொல்லோணும். சின்னதுல நான் பஸ் ஹாரன் சத்தம் போடுவேன். வாயிலயே. எந்த பஸ்ஸுன்னு சொன்னாப் போதும், அப்படியே போடுவேன். ரோட்டுல போற ஆளு ஒதுங்கி நிப்பான். ஒரு நாளு ஊட்டுக்கு வந்த ஒறம்பரை சனத்து முன்னால போட்டேன்னு எங்கப்பன் செவுளோட ஒண்ணு விட்டாரு. அதோட போச்சு. இப்ப வருமான்னு தெரியில." அப்புறம் ஒரு செருமல். அப்புறம் போட்டார் அக்கா! பாம்ம்ம், ப-ப-பாம்ம்! பட்டறையில் உட்கார்ந்துகொண்டு, அத்தனை வயசில், ஒரு பீப்பாய்க்கு ஹாரன் அடித்துக் காட்டுகிறார்!

அதைத்தான் எனக்கு இன்னும் சரியாக எடுக்க வரவில்லை. மூக்கில் ஆரம்பித்து நெஞ்சில் முடிக்கிறார். எப்படி என்று தெரியவில்லை. பாம்ம்... பாருங்கள், வரவில்லை. எத்தனையோ தடவை போட்டுக் கேட்டுவிட்டேன்.

இல்லை, இதுவும் அந்தச் சிரிப்பு இல்லை. அவசரப்படாதீர்கள். பஸ்தான் அவசரப்படமாட்டேன் என்கிறது, நீங்களுமா? இல்லை, நான்தான் அவசரப்படுகிறேன். என் கால் ஆடுவதைப் பாருங்கள், காலையில் இருந்து நிற்கவில்லை.

போன மாசம் நிஜக் கிடங்கில் இருந்து நிஜ மெயில் வந்தது. பீப்பாயை இப்போதே எடுத்துப் பாட்டிலில் அடைக்கலாம், இல்லை இன்னும் சில வருஷம் விடலாம், என்ன சொல்கிறீர்கள் என்று. மாடியில் ஒரே சண்டை. விட்டால் மணம் கூடும் என்றார் டாக்டர். விட்டால் தேவதைகள் குடித்துவிடுவார்கள் என்றார் சாரங்கபாணி மாமா. அப்பா எப்போதும் விடலாம் கட்சிதான். எதையும் தள்ளிப்போடுகிற ஆள். அன்றைக்கு மட்டும் கையைத் தூக்கி, "எடுத்தரலாமுங்" என்றார். ஏன் என்று கேட்டதற்கு, "உள்ளயே வெச்சிருந்தா நமக்குத்தான் நல்லாருக்கும். அதுக்கு நல்லதான்னு ஆரு கேட்டது?" என்றார். நாலு பேரும் சேர்ந்து வாங்கின சாராயத்துக்கு நல்லது கெட்டது பார்க்கிற ஒரே ஓனர் எங்கப்பாதான். அது இன்னும் முடிவாகவில்லை, இரண்டுக்கு இரண்டு என்று நிற்கிறது.

சரி. இப்போது இன்றைக்கு. இதை நீங்கள் யாரிடமும் சொல்லக் கூடாது.

நான் சென்னைக்குப் போவது வீட்டுக்குத் தெரியாது. திருச்சியில் காலேஜ் கேம்ப் என்று சொல்லியிருக்கிறேன். நாளைக்குக் காலையில் சென்னையில் ஒரு டப்பிங் ஸ்டுடியோவில் குரல் தேர்வு. கார்ட்டூன் படத்துக்கு. நான் அனுப்பின குரல்களைக் கேட்டுவிட்டு அவர்களே கூப்பிட்டார்கள் அக்கா, அவர்களே! ஸ்டோர் ரூமில் உட்கார்ந்துதான் எல்லாம் பேசி முடித்தேன். இது போனால் எனக்கு வேறு எதுவும் இல்லை. கணக்கு வராது. அம்மா என்னை ஆடிட்டர் ஆக்குவேன் என்று உட்கார்ந்திருக்கிறாள். எனக்குத் தெரிந்தது இது ஒன்றுதான். வீட்டுக்குத் தெரிந்தால் முடிந்தது, வழியிலேயே இறக்கிக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். அதனால்தான் போனைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

அப்பாவிடம் கேட்டுப் பார்த்திருக்கலாமா? எதற்கு? "அம்மாகிட்டக் கேளு" என்பார். இதைத் தெரிந்துகொள்ள வாயைத் திறக்கணுமா?

அதனால் பிரின்சிபால் சகாயமேரி மேடமே அப்பாவுக்குப் போன் பண்ணினார்கள். "மிஸ்டர் நாச்சிமுத்து? யுவர் டாட்டர் ஹேஸ் பீன் செலக்டட் ஃபார் தி கேம்ப். வெரி டிசிப்ளின்ட் கேர்ள்!" நன்றாகச் சிரிக்கலாம், அது நான்தான். அப்பா என்ன சொன்னார் தெரியுமா? எந்தக் கேம்ப், யார் கூட வருகிறார்கள், எங்கே தங்குகிறார்கள், ஒன்றும் கேட்கவில்லை. "சரிங் மேடம். நல்லாப் போயிட்டு வரட்டும்ங். அந்தப் புள்ளை கெட்டிக்காரிங்." அவ்வளவுதான். இப்படி ஓர் ஆளை ஏமாற்றுவதில் என்ன பெருமை இருக்கிறது என்றுகூட ஆகிவிட்டது எனக்கு.

காலையில் அவர்தான் ஸ்கூட்டரில் பஸ் ஸ்டாண்டில் விட்டார். அங்கேதான் பயம். எங்கப்பா நான் ஏறி, உட்கார்ந்து, பஸ் கிளம்பி, வளைவு திரும்புகிற வரைக்கும் நிற்கிற ஆள். இன்றைக்கும் நின்றார் என்றால் நான் திருச்சி பஸ்ஸில்தான் ஏறணும். ஆனால் பாருங்கள் அதிர்ஷ்டத்தை, பையை இறக்கிக் கொடுத்ததும், "வண்டில பெட்ரோல் இல்ல, நான் போறேன்" என்று திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். நான் ஓடிவந்து இதில் ஏறிவிட்டேன்.

ஏறி உட்காருகிறேன், போன் அதிர்கிறது. அப்பா! இல்லை, என் நம்பருக்கு இல்லை. பீப்பாய் நம்பருக்கு. பொண்ணை பஸ் ஏற்றிவிட்ட கையோடு பீப்பாய்க்குக் குரல் பதிந்து அனுப்பியிருக்கிறார்! காதில் வைத்தேன். ஒரே இரைச்சல், கண்டக்டர் கத்துகிறார், யாரோ மூட்டையைத் தலைமேல் கொண்டுபோகிறார்கள். முதல் வரி விழுந்ததுமே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மீதி காதில் ஓடியது, எனக்கு யாரிடமாவது சொன்னால் போதும் என்று ஆகிவிட்டது. அப்போதுதான் நீங்கள் வந்து உட்கார்ந்தீர்கள்.

தயாரா? தண்ணீர் குடித்துவிட்டீர்களா? சிரிக்கும்போது புரையேறினால் நான் பொறுப்பில்லை. முழுசாகத் தருகிறேன், பின்னால் கேட்ட சத்தத்தோடு. அப்படியே அப்பா.

"க்ஹ்ம். அம்மிணி, நான்தான். தொண்டையப் பாத்துக்க."

பீப்பாய்க்குத் தொண்டை! எப்படி? நான் சொன்னேன் இல்லையா? இருங்க, இன்னும் இருக்கிறது.

"வெந்நி கெடச்சா வாங்கிக் குடி. பச்சத்தண்ணி வேண்டாம்."

விஸ்கியில் வெந்நீர்! டாக்டர் கேட்டால் மயக்கம் போட்டு விழுந்துவிடுவார்! ஒரு சொட்டுக்கே குழாய் வைத்திருக்கிற மனுஷன்...

"சன்னலோரம் உக்காந்தீன்னா கண்ணாடிய எறக்கி உட்டுக்க. காத்து காதுக்குள்ள போனா கொரலு கட்டிக்கும். பக்கத்துல இருக்கறவங்ககிட்ட வழிநெடுகப் பேசிட்டே போகாத. காலைல உனக்குக் கொரலு வேணும்."

பாருங்கள், பக்கத்துப் பீப்பாய் ஜெர்மன்காரனுடையது, அவனிடம் பேச வேண்டாமாம். ஜப்பான்காரனிடமும்... அக்கா? சிரிக்கலாம். இதற்குச் சிரிக்கலாம்.

பின்னால் ஒரு கண்டக்டர் சத்தம் வருகிறது, அதையும் போடுகிறேன். "பெரம்பலூர், விழுப்புரம், சென்னேய்! சென்னை ஏறு, சென்னை ஏறு!" அதே கண்டக்டர்தான், நம்மவர். குரலைப் பாருங்கள், ச்சில்லறை என்று இழுப்பாரே, அதே இழுப்பு. அப்புறம் அப்பா, கொஞ்சம் மெதுவாக.

"அம்மாகிட்ட நான் சொல்லிக்கறேன். அவ கத்துவா, அது எம்பாடு. நீ அங்க ஆரு கொரல வேணும்னாலும் பேசு. எல்லாம் நல்லா வருது உனக்கு. அந்தச் சீமைக்காரி கொரலுதான் எனக்கு ரொம்பப் புடிக்கும். ஆனா போய்ச் சேந்து எனக்குப் போன் பண்றப்ப உன்ற கொரல்ல பேசு அம்மிணி. அதைக் கேட்டு நாளாச்சு."

பீப்பாய்க்கு... சொந்தக் குரல்...

இருங்க அக்கா. இன்னும் ஒரு வரிதான். சொல்லிவிடுகிறேன்.

"மெட்ராஸ்ல எறங்குனதும் கூப்புடு. க்ஹ்ம். சரி. வெக்கறேன்."

ஏன் அக்கா இப்படிப் பார்க்கிறீர்கள்? சிரிப்பு வரவில்லையா? நான் சரியாக எடுத்தேனே. இருமல்கூட... அப்படியே அப்பாதான். அப்பாதானே?

ஏனுங்க்கா.

பீப்பா எதுக்குங் மெட்ராஸ் போவுது?